வெப்பப் பகுப்பாய்வின் மூலம் வெடிக்கும் பண்பை முன்கூட்டியே கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேதிப்பொருள் வெடிக்குமா என்று நேரடியாகவே சோதித்துவிடலாமே, வெப்பப் பகுப்பாய்வு எதற்கு?

நேரடிச் சோதனைக்கு நிறையப் பொருள் தேவைப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் சோதனைகளும் அளவுகோல்களும் பற்றிய கையேட்டில் முதல் தொடரில் வரும் இடைவெளிச் சோதனைக்கு 400 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயை முழுவதும் நிரப்ப வேண்டும். அதற்கு ஏறத்தாழ அரை லிட்டர் பொருள் வேண்டும். புதிதாகத் தயாரித்த ஒரு இடைநிலைப் பொருள் ஆய்வகத்தில் சில கிராம்தான் இருக்கும். அதை அரை லிட்டர் அளவுக்குத் தயாரிக்கும் வேலையே, அது வெடிக்கக்கூடியதாக இருந்தால், உயிருக்கு ஆபத்தானது. இந்தச் சிக்கலுக்கு வழி காட்டுவதுதான் வெப்பப் பகுப்பாய்வு. சில மில்லிகிராம் பொருளை மூடிய சிறு கலனில் வைத்துச் சீராகச் சூடேற்றி, அது எந்த வெப்பநிலையில் சிதையத் தொடங்குகிறது, சிதையும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியிடுகிறது என்ற இரண்டையும் அளந்துவிட்டால், பெரிய சோதனைகள் தேவையா இல்லையா என்று தீர்மானிக்க முடியும்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படும் கருவி வகையீட்டு வரிவீச்சுக் கலோரிமானி. ஆய்வகங்களில் எல்லோரும் டி.எஸ்.சி. என்றே சொல்வதால் இங்கும் அப்பெயரையே பயன்படுத்துகிறேன். 1960களின் தொடக்கத்தில் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓநீலும் உருவாக்கிய இக்கருவி, மாதிரி வைத்த கலனுக்கும் வெற்றுக் கலனுக்கும் இடையே வெப்ப ஓட்டத்தில் எழும் வேறுபாட்டை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து தருகிறது.

டி.எஸ்.சி. செய்வதற்கு முன்பே காகிதத்தில் எதையாவது கண்டறிய முடியுமா?

முடியும், முடிந்தவரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் மூலக்கூறின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து நைட்ரஜன் அணுக்கள் இணைந்திருக்கும் அசைடுகள், அசோ சேர்மங்கள், டையசோனியம் உப்புகள், ஹைட்ரசீன்கள், ஆக்சிஜன்கள் இணைந்திருக்கும் பெராக்சைடுகள், ஓசோனைடுகள், நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்திருக்கும் நைட்ரோ, நைட்ரேட்டு, நைட்ரசோ சேர்மங்கள், ஹைட்ராக்சிலமீன்கள், முப்பிணைப்புள்ள அசிட்டிலீன்கள், நைட்ரஜனுடனோ ஆக்சிஜனுடனோ ஹாலஜன் இணைந்த குளோரமீன்கள், குளோரேட்டுகள், பெர்குளோரேட்டுகள் ஆகியவை வெடிக்கும் பண்போடு தொடர்புடைய தொகுதிகளாக அந்தக் கையேட்டின் ஆறாவது பின்னிணைப்பில் பட்டியலிடப்பட்டுள்ளன. இவற்றில் ஒன்றுகூட இல்லாத பொருளை வெடிபொருள் வகுப்புக்கான சோதனைகளுக்கு உட்படுத்தத் தேவையில்லை.

தொகுதி இருந்து, அதில் ஆக்சிஜனும் இருந்தால், அடுத்ததாக ஆக்சிஜன் சமநிலையைக் கணக்கிடலாம். கார்பன் அணுக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையில் பாதியைக் கூட்டி, ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையைக் கழித்து, கிடைத்ததை 1600ஆல் பெருக்கி மூலக்கூறு எடையால் வகுத்து, முன்னால் கழித்தல் குறி இட வேண்டும். மூலக்கூறில் உள்ள கார்பனையும் ஹைட்ரஜனையும் முழுமையாக எரிக்க அதன் சொந்த ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. டி.என்.டி.க்கு இது −74. ஆக்சிஜன் மிகுந்திருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு +20. −200க்கும் கீழே போனால் அந்தப் பொருள் வெடிபொருள் சோதனையிலிருந்து விலக்குப் பெறுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஆக்சிஜனே இல்லாத அசைடுகளுக்கும் அசிட்டிலீன்களுக்கும் இந்தக் கணக்கு எதையும் சொல்லாது. அவை ஆக்சிஜனேற்றத்தால் வெடிப்பவை அல்ல. நைட்ரஜன் வாயு பிரிவதாலோ இறுக்கமான பிணைப்புகள் உடைவதாலோ ஆற்றலை வெளியிடுபவை. அவற்றுக்கும் சூத்திரத்தில் எண்களைப் போட்டு −200க்குக் கீழே ஒரு விடை வந்ததும் நிம்மதி அடைவது தவறு.

500 ஜூல் என்ற எல்லை எங்கிருந்து வருகிறது? அதன் பொருள் என்ன?

கரிமப் பொருள்களுக்கும், கரிமப் பொருள்களால் ஆன சீரான கலவைகளுக்கும் அதே ஆறாவது பின்னிணைப்பு இன்னொரு விலக்கைத் தருகிறது. வெப்ப உமிழ் சிதைவின் ஆற்றல் கிராமுக்கு 500 ஜூலுக்குக் குறைவாக இருந்தாலோ, சிதைவு 500 டிகிரி செல்சியஸிலோ அதற்கு மேலோ தொடங்கினாலோ, வெடிபொருள் வகுப்புக்கான ஏற்புச் சோதனைகளைச் செய்யத் தேவையில்லை. வெப்பநிலைக்கு ஓர் எல்லை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: வெடிக்கும் இயல்பே இல்லாத எத்தனையோ கரிமப் பொருள்கள் மிக உயர்ந்த வெப்பநிலையில் மெதுவாகச் சிதைந்து 500 ஜூலுக்கும் அதிகமாக வெளியிடுகின்றன. அவற்றையெல்லாம் சோதனைக்கூடத்திற்கு இழுத்துவரக் கூடாது என்பதற்காகவே அந்த எல்லை.

கிராமுக்கு 500 ஜூல் என்றால் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் உணரலாம். கரிம நீர்மங்களின் வெப்ப ஏற்புத்திறனை ஏறத்தாழ கிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு, 2 ஜூல் என்று கொண்டால், வெப்பம் வெளியேற வழியே இல்லாத சூழலில் 500 ஜூல் அந்தப் பொருளின் வெப்பநிலையை 250 கெல்வின் உயர்த்திவிடும். ஒரு பெரிய தொட்டியின் நடுப்பகுதி ஏறத்தாழ இந்நிலையில்தான் இருக்கிறது. ஆகவே விலக்குப் பெற்ற பொருள் ‘பாதுகாப்பானது’ என்று பொருளல்ல. அது வெடிபொருளாக வகைப்படுத்தப்படாது என்பது மட்டுமே பொருள். 400 ஜூல் வெளியிடும் பொருளும் வினை நடக்கும் உலையைக் கிழித்தெறியப் போதுமான வேகத்தில் கட்டுமீறிச் சூடாகலாம்.

இதற்கு மேலே 800 ஜூல் என்று இன்னொரு எல்லையும் இருக்கிறது. கரிமப் பொருளின் சிதைவு ஆற்றல் கிராமுக்கு 800 ஜூலுக்குக் குறைவாக இருந்தால், வெடிப்பலை பரவுகிறதா என்று பார்க்கும் முதல் தொடரின் இடைவெளிச் சோதனையை விட்டுவிடலாம். ஆனால் அடைத்து வைத்துச் சூடாக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பார்க்கும் மற்ற சோதனைகளை விட்டுவிட முடியாது.

500 ஜூலைத் தாண்டிவிட்டது. அப்படியானால் என் பொருள் வெடிபொருளா?

இல்லை. மக்கள் பதற்றப்படும் இடமும், சில நேரம் பிழையாக முடிவு எழுதும் இடமும் இதுதான். தாண்டிய பொருள் சோதனைகளுக்குப் போக வேண்டும். சோதனைகள்தான் தீர்ப்பு சொல்லும். நைட்ரோபென்சீனை எடுத்துக்கொள்வோம். அரோமாட்டிக் நைட்ரோ தொகுதி ஒன்று சிதையும்போது மோலுக்கு ஏறத்தாழ 300 கிலோஜூலுக்கும் அதிகமாக வெளியாகிறது. நைட்ரோபென்சீனின் மூலக்கூறு எடை 123 என்பதால் கிராமுக்கு 2000 ஜூலுக்கு மேல் வரும். ஆக்சிஜன் சமநிலை −162 என்பதால் அந்த வழியிலும் விலக்கு இல்லை. ஆனாலும் அது போக்குவரத்தில் நச்சுப்பொருளாக, 6.1 வகுப்பில், ஐ.நா. எண் (ஆபத்தான சரக்குகளுக்கான அடையாள எண்) 1662இன் கீழ் போகிறது, வெடிபொருளாக அல்ல. ஆற்றல் நிறைய இருக்கிறது. ஆனால் சாதாரணத் தூண்டலில் அது வெடிப்பலையாகப் பரவுவதில்லை.

வெடிப்பதற்கு மூன்று விஷயங்கள் தேவை: ஆற்றல் இருக்க வேண்டும், அது விரைவாக வெளிப்பட வேண்டும், ஓரிடத்தில் தொடங்கியது பொருள் முழுவதும் பரவ வேண்டும். டி.எஸ்.சி. முதலாவதை நன்றாகச் சொல்கிறது, இரண்டாவதைப் பற்றி ஓரளவு குறிப்புத் தருகிறது, மூன்றாவதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மில்லிகிராம் அளவில் அலை பரவுவதைப் பார்க்க முடியாது.

எந்தக் கலனில் மாதிரியை வைப்பது? சாதாரண அலுமினியக் கலன் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் கவனமாகப் படிப்பவர் இதைப் படிக்கட்டும். தவறான முடிவுகளில் பெரும்பகுதி கலனிலிருந்துதான் பிறக்கிறது.

திறந்த கலனிலோ துளையிட்ட மூடி போட்ட கலனிலோ ஒரு நீர்மத்தை வைத்ததாகக் கொள்வோம். அதன் கொதிநிலை 200 டிகிரி, சிதைவு தொடங்குவது 250 டிகிரி. கருவி சூடேறும்போது 200 டிகிரியில் நீர்மம் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. வரைபடத்தில் பெரிய வெப்பக் கொள் பள்ளம் ஒன்று தெரிகிறது. 250 டிகிரியை அடையும்போது கலனில் சிதைவதற்குப் பொருளே இல்லை. அறிக்கையில் ‘வெப்ப உமிழ்வு ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதப்படுகிறது. மூடிய உலையில் அதே நீர்மத்திற்கு ஆவியாகி ஓடும் வழி இல்லை என்பதை அந்த அறிக்கை மறைத்துவிடுகிறது. ஓரளவு மட்டும் கசியும் கலன் இன்னும் மோசம்: ஆவியாதலின் பள்ளமும் சிதைவின் மேடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, 900 ஜூல் இருக்க வேண்டிய இடத்தில் 300 என்று ஒரு நம்பத்தகுந்த எண் வந்து நிற்கும்.

ஆகவே அழுத்தம் தாங்கும், முழுமையாக மூடிய கலன் வேண்டும். பொன்முலாம் பூசிய எஃகு உயர் அழுத்தக் கலன்களும் உருக்கி மூடிய கண்ணாடி நுண்குழல்களும் இதற்கு ஏற்றவை. பொருள் கலனோடு வினைபுரியக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். அமிலத்தன்மையுள்ள அல்லது ஹாலஜன் உள்ள பொருள்கள் அலுமினியத்தைத் தாக்கி, தங்களுக்குச் சொந்தமில்லாத வெப்பத்தை வரைபடத்தில் சேர்த்துவிடும். மறுபுறம், இரும்பு அயனிகள் ஹைட்ராக்சிலமீனின் சிதைவை வெகுவாக முடுக்கும். ஆலையில் எஃகுத் தொட்டியில் இருக்கப்போகும் பொருளைக் கண்ணாடியில் மட்டும் சோதித்துவிட்டால் அந்த முடுக்கம் கண்ணில் படாது. மந்தமான கலனில் ஒரு சோதனையும், உண்மையில் பயன்படுத்தப்போகும் உலோகத்தின் துருவலைச் சேர்த்து இன்னொரு சோதனையும் செய்வதே நியாயமான வழி.

சோதனைக்கு முன்னும் பின்னும் கலனை எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் கலன் கசிந்திருக்கிறது. வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த முடிவைப் பயன்படுத்தக் கூடாது.

எவ்வளவு மாதிரி, எந்த வேகத்தில் சூடேற்ற வேண்டும்?

பொதுவாக 1 முதல் 5 மில்லிகிராம் வரை. அமைப்பைப் பார்த்தவுடனேயே ஐயம் எழும் பொருளுக்கு ஒரு மில்லிகிராமிலோ அதற்குக் கீழோ தொடங்கி, முதல் வரைபடத்தைப் பார்த்தபின் கூட்டலாம். உணர்திறன் மிகுந்த பொருளை உரலில் அரைக்காதீர்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள். கலனை அழுத்தி மூடும்போது விளிம்பில் துகள் ஒட்டியிருந்தால் அந்த அழுத்தமே தூண்டலாகிவிடும். முகக்கவசத்தோடும் மறைப்புக்குப் பின்னாலும் செய்ய வேண்டிய வேலை இது. மாதிரி ஒரு மில்லிகிராம்தான் என்றாலும், அது எடுக்கப்பட்ட குப்பியில் சில கிராம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சூடேற்றும் வேகம் நிமிடத்திற்கு 2 முதல் 10 கெல்வின் வரை புழக்கத்தில் இருக்கிறது. மெதுவாகச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். வேகமாகச் சூடேற்றினால் மேடு உயரமாகவும் தெளிவாகவும் தெரியும். ஆனால் தொடக்க வெப்பநிலை உள்ளதைவிட உயர்வாகக் காட்டும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 150 கிலோஜூல் உள்ள ஒரு சிதைவு 250 டிகிரி செல்சியஸ் அருகே நடக்கிறது என்று கொண்டால், நிமிடத்திற்கு 10 கெல்வினிலிருந்து 2 கெல்வினுக்குக் குறைக்கும்போது தொடக்கம் ஏறத்தாழ 24 கெல்வின் கீழே இறங்கும். எனவே வேகத்தைக் குறிப்பிடாத தொடக்க வெப்பநிலையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

கருவியின் அளவுத்திருத்தம் பற்றித் தனியே சொல்ல வேண்டியது குறைவு. 156.6 டிகிரியில் உருகும் இண்டியத்தையும் 419.5 டிகிரியில் உருகும் துத்தநாகத்தையும் கொண்டு, சோதனையில் பயன்படும் அதே வகைக் கலனில், அதே வேகத்தில் திருத்துங்கள்.

வரைபடத்தில் தொடக்க வெப்பநிலையை எங்கே குறிப்பது?

இரண்டு முறைகள் இருக்கின்றன, அவை ஒரே எண்ணைத் தருவதில்லை. கையேடு சொல்வது நீட்டித் தொடும் புள்ளி: மேட்டின் முன்சரிவில் சாய்வு மிகுதியாக உள்ள இடத்தில் ஒரு தொடுகோடு வரைந்து, அது நீட்டிய அடிக்கோட்டை, அதாவது சிதைவு நிகழாதபோது வரைபடம் செல்லும் கோட்டை, வெட்டும் இடத்தைக் குறிப்பது. இது திரும்பத் திரும்ப ஒரே விடையைத் தரும் என்பதால் வகைப்படுத்தலுக்கு ஏற்றது. மற்றது, அடிக்கோட்டிலிருந்து வரைபடம் முதன்முதலில் விலகும் இடம். இது கருவியின் உணர்திறனையும் பார்ப்பவரின் கண்ணையும் பொறுத்தது. ஆனாலும் பாதுகாப்பான இயக்க வெப்பநிலையைத் தீர்மானிக்கும்போது இந்தக் கீழ் எண்ணே பயனுள்ளது. மேடு நீண்ட, மெதுவான ஏற்றத்தோடு தொடங்கும் பொருளில் இவ்விரண்டுக்கும் இடையே பல பத்து டிகிரி வேறுபாடு வரலாம். அறிக்கையில் எந்த முறை என்று எழுதாமல் விடுவது படிப்பவரைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

ஆற்றலைக் கணக்கிடும்போது அடிக்கோட்டின் இரு முனைகளும் எங்கே வைக்கப்பட்டன என்பது முக்கியம். உருகும் பள்ளம் முடிந்தவுடனேயே சிதைவு தொடங்கும் பொருள்களில் பள்ளத்தின் ஒரு பகுதி மேட்டோடு கலந்துவிடும். அதேபோல, இரண்டு மேடுகள் தொடர்ந்து வந்தால் முதலாவதை மட்டும் கூட்டி விடைசொல்வதற்கு நியாயமான காரணம் வேண்டும். முதல் சிதைவின் வெப்பமே பொருளை இரண்டாவதின் வெப்பநிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாதிரியில் ஈரம் இருந்தால் அளவீடு மாறுமா?

மாறும், அதுவும் ஆபத்தான திசையில். 30 விழுக்காடு நீர் உள்ள ஒரு ஈரப் பொடியில் கிராமுக்கு 400 ஜூல் அளக்கப்பட்டது என்று கொள்வோம். எல்லைக்குள் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அந்த 400 ஜூலையும் வெளியிட்டது கிராமில் 0.7 பங்கான உலர்ந்த பொருள் மட்டுமே. உலர்ந்த பொருளுக்குக் கணக்கிட்டால் 571 ஜூல். உலர்த்தியில் அந்தப் பொடியிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும்போது, பொருள் அறிக்கையில் உள்ள பொருளாக இருப்பதில்லை.

நீர் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குப் பெப்டைடு வேதியியலில் பரவலாகப் பயன்படும் 1-ஹைட்ராக்சிபென்சோடிரையசோல் நல்ல சான்று. நீரற்ற நிலையில் அது 1.3 பிரிவு வெடிபொருளாக ஐ.நா. எண் 0508 பெறுகிறது. அதன் ஒற்றை நீரேற்று உணர்திறன் குறைக்கப்பட்ட திண்மமாக ஐ.நா. எண் 3474இன் கீழ் வருகிறது. மூலக்கூறு ஒன்றுதான், குப்பியின் மூடி நீண்ட நாள் திறந்து கிடந்ததா என்பதைப் பொறுத்து அது எந்த வகுப்பில் இருக்கிறது என்பதே மாறிவிடலாம். எனவே ஈர அளவை அளந்து, ஆற்றலை உலர் அடிப்படையிலும் எழுத வேண்டும்.

அடியாலும் உராய்வாலும் வெடிக்குமா என்பதை டி.எஸ்.சி. வைத்து ஊகிக்க முடியுமா?

ஊகிக்கலாம்; நிரூபிக்க முடியாது. ஜப்பானிய ஆய்வாளர் யோஷிடாவும் குழுவினரும் 1987இல் இரண்டு தொடர்புகளை வெளியிட்டனர். சிதைவு ஆற்றலைக் கிராமுக்குக் கலோரியிலும், தொடக்க வெப்பநிலையைச் செல்சியஸிலும் எடுத்துக்கொண்டு, ஆற்றலின் மடக்கையிலிருந்து (எல்லா மடக்கைகளும் 10 அடிமானத்தில்), வெப்பநிலையில் 25ஐக் கழித்து வருவதன் மடக்கையை 0.72ஆல் பெருக்கிக் கழித்து, மேலும் 0.98ஐக் கழித்தால் கிடைப்பது அடிக்கான உணர்திறன் குறியீடு. 0.72க்குப் பதில் 0.38உம், 0.98க்குப் பதில் 1.67உம் வைத்தால் கிடைப்பது வெடிப்பு பரவும் வாய்ப்புக்கான குறியீடு. விடை சுழியோ அதற்கு மேலோ என்றால் ஐயத்துக்குரியது.

எடுத்துக்காட்டாக, 200 டிகிரியில் தொடங்கி 250 கலோரி வெளியிடும் பொருளுக்கு அடிக்கான குறியீடு −0.20, பரவலுக்கான குறியீடு −0.12. அதே வெப்பநிலையில் 400 கலோரி என்றால் இரண்டும் நேர்க்குறிக்கு மாறி, முறையே 0.01, 0.08 என்று வருகின்றன. பின்னாளில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 0.72ஐ 0.54 என்றும், 0.38ஐ 0.285 என்றும் குறைத்து இன்னும் கடுமையான வடிவத்தைப் பயன்படுத்தினர். அந்த வடிவில் 250 கலோரிப் பொருளுக்கும் அடிக்கான குறியீடு 0.21 என நேர்க்குறியாகிறது. ஒரு சோதனையைத் தவிர்ப்பதற்கு இக்கணக்குகளைச் சாட்டாக வைப்பது அவற்றின் நோக்கத்துக்கு எதிரானது; எந்தப் பொருளை முதலில் சோதிக்க வேண்டும், எதைக் கரண்டியால் தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் இவை உதவும். உண்மையான விடை வேண்டுமென்றால் வீழ்சுத்தியல் சோதனையும் உராய்வுச் சோதனையும் செய்தாக வேண்டும்.

தொடக்க வெப்பநிலையிலிருந்து 100 டிகிரி கீழே வைத்திருந்தால் பாதுகாப்பு என்று சொல்கிறார்களே, சரியா?

எல்லாப் பொருளுக்கும் சரியல்ல. டி.எஸ்.சி. காட்டும் தொடக்கம், சில மில்லிகிராம் பொருள் வெளியிடும் வெப்பத்தைக் கருவி உணரத் தொடங்கும் இடம் மட்டுமே. அதற்குக் கீழேயும் வினை நடந்துகொண்டிருக்கிறது. டன் கணக்கில் குவித்து வைத்த பொருளில் வெப்பம் வெளியேற நாள்கணக்கில் ஆகும் என்பதால், கருவிக்குப் புலப்படாத மெல்லிய வெப்பமும் அங்கே சேர்ந்து வளர்கிறது.

தன் வினையூக்கத்தால் சிதையும் பொருள்களில் இந்த விதி முற்றிலும் தோற்றுவிடும். அவை நெடுநேரம் அமைதியாக இருந்து, சிதைவால் உண்டாகும் விளைபொருளே வினையூக்கியாகி, திடீரென வேகமெடுப்பவை. சீராகச் சூடேற்றும் வரைபடத்தில் மேடு மிகக் கூர்மையாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். உறுதிப்படுத்த, தொடக்கத்துக்குக் கீழே ஒரு நிலையான வெப்பநிலையில் மாதிரியைப் பல மணி நேரம் வைத்துப் பாருங்கள். சாதாரணச் சிதைவில் வெப்ப ஓட்டம் தொடக்கத்தில் மிகுந்து பின் தேய்ந்துகொண்டே போகும். தன் வினையூக்கத்தில் வெகுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, பின் மணி வடிவில் எழுந்து தணியும். அந்த மௌன நேரம் வெப்ப வரலாற்றையும் மாசுகளையும் பொறுத்துச் சுருங்கும் என்பதால், ஒருமுறை சூடாக்கி ஆறவைத்த பொருள் புதிய பொருளைவிட விரைவில் சிதையக்கூடும்.

இத்தகைய நிலையில் பல வேகங்களில் எடுத்த வரைபடங்களிலிருந்து வினைவேகத்தைக் கணக்கிட்டு, வெப்பப் பரிமாற்றமில்லாச் சூழலில் 24 மணி நேரத்தில் உச்ச வேகத்தை எட்டும் வெப்பநிலையைக் கண்டறிந்து, அதைக் கொண்டு முடிவெடுப்பதே தகும்.

ஏ.ஆர்.சி. எப்போது தேவை?

வேதிப்பொருள் 500 ஜூலைத் தாண்டாவிட்டாலும், அது பெரிய உலையில் பயன்படப்போகிறது என்றால் தேவை. டவ் நிறுவனம் 1970களில் உருவாக்கிய முடுக்கவீதக் கலோரிமானியான ஏ.ஆர்.சி., மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் காத்திருந்து, தானாகச் சூடாகிறதா என்று தேடுகிறது. சூடாகத் தொடங்கியதும் சுற்றுப்புறத்தையும் அதே வெப்பநிலையில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறது. நிமிடத்திற்கு 0.02 கெல்வின் என்ற மெல்லிய தன்வெப்பமேற்றத்தையும் அது பிடித்துவிடும். அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். மாதிரிக் கலனும் வெப்பத்தின் ஒரு பங்கை விழுங்குவதால் அதற்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் உலை வெடித்து நான்கு பேர் இறந்தனர். குளிரூட்டல் தவறியதும் வினை கட்டுமீறியது. பின்னர் அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் செய்த சோதனைகளில், திட்டமிட்ட வினைக்கு மேலே, ஏறத்தாழ 199 டிகிரி செல்சியஸில், சோடியத்துக்கும் கரைப்பானான டைகிளைமுக்கும் இடையே அதைவிட ஆற்றல் மிகுந்த இரண்டாவது வினை ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த உலையில் இருந்தது வெடிபொருள் அல்ல. வெடிபொருள் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது. வினைக்கலவை முழுவதையும் உயர் வெப்பநிலை வரை கொண்டுபோய்ச் சோதித்திருந்தால் கிடைத்திருக்கும்.

300 ஜூல் என்ற இன்னொரு எல்லையும் கேள்விப்பட்டேனே?

அது தன்வினைப் பொருள்களுக்கான, அதாவது காற்றின் ஆக்சிஜன் இல்லாமலே தாமாகச் சிதைந்து மிகுந்த வெப்பம் வெளியிடக்கூடிய பொருள்களுக்கான எல்லை. வெடிபொருள் இல்லை என்று விலக்குப் பெற்றாலும், சிதைவு வெப்பம் கிராமுக்கு 300 ஜூலுக்குக் குறையாமலும், 50 கிலோகிராம் பொதியில் தானாக முடுகும் சிதைவு வெப்பநிலை 75 டிகிரிக்கு மிகாமலும் இருந்தால், பொருள் தன்வினை வகைக்குள் வரக்கூடும். கரிமப் பெராக்சைடுகளுக்குத் தனி வகையும் தனி நடைமுறையும் உள்ளன. 420 ஜூல் வந்த பொருளுக்கு ‘விலக்கு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடக் கூடாது. இந்தக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

கனிமப் பொருளுக்கும் இதே முறை பொருந்துமா?

500 ஜூல் விலக்கு கரிமப் பொருள்களுக்கும் அவற்றின் சீரான கலவைகளுக்கும் மட்டுமே. கனிம ஆக்சிஜனேற்றி கரிமப் பொருளோடு கலந்திருந்தால் கணக்கு வேறு: ஆக்சிஜனேற்றி முதல் அல்லது இரண்டாம் பொதித் தொகுதியைச் (ஆபத்தின் அளவைக் காட்டும் பிரிவு; முதலாவதே மிக ஆபத்தானது) சேர்ந்தது எனில் அதன் அளவு எடையில் 15 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், மூன்றாம் தொகுதி எனில் 30 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருந்தால்தான் விலக்கு உண்டு. இத்தகைய கலவையின் சில மில்லிகிராம் மாதிரி மொத்தக் கலவையைப் பிரதிபலிக்கும் என்று நம்பவும் முடியாது. ஒரு சிட்டிகையில் ஆக்சிஜனேற்றி மிகுந்தும் அடுத்ததில் குறைந்தும் இருக்கும்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பொருளின் தூய்மையும் ஈர அளவும், தயாரிப்புத் தொகுதியின் எண், மாதிரியின் எடை, கலனின் வகையும் உள்ளே நிரப்பிய வாயுவும், சூடேற்றிய வேகமும் எந்த வெப்பநிலை வரை என்பதும், சோதனைக்குப் பின் கலனின் எடை, தொடக்கம் குறித்த முறை, அடிக்கோட்டின் இரு முனைகள், ஆற்றல் ஆகியவற்றுடன் வரைபடமும் முழுமையாக இணைக்கப்பட வேண்டும். வெட்டி எடுத்த மேடு மட்டும் இருந்தால் போதாது. குறைந்தது இரண்டு மாதிரிகளில் முடிவு ஒத்துப்போக வேண்டும். மேடு அளவீட்டு எல்லையின் மேல் முனையில் முடியாமல் நின்றிருந்தால், ‘ஆற்றல் இவ்வளவு’ என்று எழுதாமல் ‘ஆற்றல் இதைவிடக் குறையாது’ என்று எழுதுங்கள். அந்த எண் 500ஐத் தொடாவிட்டாலும், இன்னும் உயர்ந்த வெப்பநிலை வரை மறுபடி அளந்த பிறகே விலக்கைக் கோர முடியும்.